இலவசமும் ஈகையும்

உலகத்து உயிர்கட்கெல்லாம் பொதுவாய் அமைந்த நோய் ஒன்று உண்டு; அது பசி. ஏனைய நோய்கள் ஒருகால் பற்றி ஒருகால் நீங்குவன. இதுவோ காலையில் தீர்த்தால் நண்பகலில் மீளும். நண்பகலில் தீர்த்தால் அந்தியில் மீளும். இதனைப் பசிப்பிணி என்று நம் முன்னோர் பெயரிட்டது மிகவும் பொருத்தமே. பிணி என்றமையால் அதற்கு மருந்து வேண்டும் என்பதும், பிணியாளனை அவன் பிணிக்காக இகழ்தல் தகாது என்பதும் தாமே பெறப்படும். இவ்விரண்டனுள் முன்னதை நம் நாடு நன்குணர்ந்து ஆவன செய்திருக்கின்றது. பின்னதை நாம் உணர்ந்திருக்கின்றோமா என்பதே எமது ஐயம். அவ்வையத்தைக் குறித்துச் சில சொற்களை, இவ்வாண்டு மலரின் வாயிலாக, நம் கலாசாலை மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் கூற விரும்புகின்றோம்.

எம்மை இங்ஙனம் சிந்திக்கத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறிவிடுதல் நலம். சில ஆண்டுகட்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, நம் மாணாக்கர் தமக்குள் பொருள் திரட்டி, அணித்தே உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகட்கு ஆடையும் குறிப்பேடுகளும் வழங்கினர். யாமும் உடன் சென்றிருந்தோம். மாணாக்கரின் உள்ளம் தூயது. அவர்தம் உழைப்பும் பெரிது. பள்ளி முற்றத்திலே மேடை. மேடையின் பின்னே நம் கலாசாலையின் பெயர் எழுதிய துணிப்பதாகை. தேர்ந்தெடுக்கப்பெற்ற நாற்பது பிள்ளைகளின் பெயர்கள் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாய் அழைக்கப்பெற்றன. எஞ்சிய பிள்ளைகள் தரையில் அமர்ந்து கைதட்டினர். அழைக்கப்பெற்ற பிள்ளை மேடையேறிப் பொதியைப் பெற்று, வழங்குவோருடன் நிழற்படத்திற்கு நின்று, பின் இறங்க வேண்டும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பெயர் இருமுறை அழைக்கப்பட்டும் எழுந்திலள். பக்கத்திலிருந்தோர் அவளைத் தள்ளி எழுப்பினர். வந்தவள் பொதியை வாங்கினாள். முகத்தை நிமிர்த்துமாறு நிழற்படம் எடுப்பவர் கூறியபோது, பொதியையே முகத்திற்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். யாம் அனைவரும் நகைத்தோம். சிறுபிள்ளையின் கூச்சம் என்று எண்ணினோம்.

பின்னொரு நாள் அப்பாடசாலை ஆசிரியை ஒருவரைக் காண நேர்ந்தது. அச்சிறுமி அவ்வாடையை ஒருநாளும் பள்ளிக்கு உடுத்து வந்ததில்லை என்றும், காரணம் வினவியதற்கு, "அது காலேஜ்காரங்க குடுத்த சட்டை, டீச்சர், எல்லாருக்கும் தெரியும்" என்று விடை கூறினாள் என்றும் அவர் எமக்குச் சொன்னார்.

அவ்விடை எம்மை நெடுநாள் விடவில்லை. அதே சிறுமி அதே பள்ளியிலே சத்துணவு உண்டவள். அரசினர் அளித்த சீருடையை உடுத்தவள். அரசினர் அளித்த நூலைப் படித்தவள். அவற்றுள் ஒன்றையேனும் அவள் மறைத்ததில்லை. அவையும் இலவசமே, நாம் கொடுத்ததும் இலவசமே. அவற்றைத் தலைநிமிர்ந்து பெற்றவள், நம் கொடையைப் பெறுங்கால் முகத்தை மறைத்தது யாது காரணம்? அவற்றை அவளோடு உடன் படிப்போரும் பெற்றனர். நம் கொடையை அவள் 'ஏழை' என்ற பெயரால் பெற்றாள். அவை அவளுக்கு உரியனவாய் வந்தன. நம்முடையது நம்முடைய நன்மையைக் காட்டும் பொருளாய் வந்தது. வேற்றுமை இத்துணையே. ஆயினும் ஒரு சிறு பெண்ணின் உள்ளத்தில் அது எத்துணைப் பெரிதாயிற்று!

இவ்வேற்றுமையை நம் நாடு ஒரே நாளில் கற்றுக்கொண்டதன்று. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயன்தரும்.

சென்னை நகராண்மைக் கழகத்தின் தலைவராய்ச் சர். பி. தியாகராய செட்டியார் விளங்கிய காலத்தில், 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பாடசாலையில் பயின்ற பிள்ளைகட்குச் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் வறியவர், வறுமையால் வருகை குறைகின்றது, உணவளித்தால் வருகை பெருகும் என்பதே அன்று கூறப்பட்ட காரணம். அம்முறை வேறு நான்கு பாடசாலைகட்கும் விரிவுபெற்றது. ஆயின், ஆரம்பக் கல்விக்குரிய நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில ஆட்சியினர் தடைகூறவே, 1925-இல் அது நின்றுபோயிற்று. கல்வி வேறு, உணவு வேறு என்று கணக்குப் புத்தகம் பிரித்துக் காட்டிற்று. பிள்ளையின் வயிறும் தலையும் ஓருடம்பில் இருப்பனவென்பதை அது அறியவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டு மாநிலம் தழுவிய நண்பகலுணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர் அவர். பள்ளிக்கு வாராத பிள்ளையின் வீட்டு நிலையை அவர்க்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அத்திட்டம் பெரும்பாலும் ஊராரின் கொடையாலேயே நடந்தது. கல்வித் துறையின் தலைவராய் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களை ஊக்கினார். ஒருவர் அரிசி தந்தார்; ஒருவர் விறகு தந்தார்; ஒருவர் தோட்டத்துக் காய்கறி தந்தார். பின்னர் அரசினரும் செலவில் பெரும்பங்கை ஏற்றனர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வாயிலாக ஊரார் பள்ளிகட்குக் கட்டடமும், பலகையும், பிள்ளைகட்குச் சீருடையும் அளித்ததும் அக்காலத்ததே. சீருடை என்பது வெறும் அழகுக்கு வந்ததன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையின் புத்தாடைக்கும் உழவுக்கூலி வீட்டுப் பிள்ளையின் கந்தலுக்கும் இடையேயுள்ள தொலைவை வகுப்பறை வாயிலில் அழிப்பதற்கு வந்தது.

1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இளமையில் தாம் பசியறிந்தமையை அவர் பலமுறை வெளிப்படக் கூறியதுண்டு. முதலில் சிற்றூர்ப் பிள்ளைகட்கும், சில திங்களுக்குள் நகரத்துப் பிள்ளைகட்கும், 1984-இல் பத்தாம் வகுப்பு வரையிலுள்ளார்க்கும் அது விரிந்தது. மையந்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என அமர்த்தப்பெற்றோருள் கைம்பெண்களும் ஆதரவற்ற மகளிரும் பலர். ஒரு பானை பிள்ளைகட்குச் சோறும், சில குடும்பங்கட்குச் சீவனமும் ஆயிற்று. 1989-இல் முதலமைச்சர் மு. கருணாநிதி இருவாரத்திற்கு ஒரு முட்டை சேர்த்தார். அது படிப்படியாய் மிகுந்து, 2010-இல் பள்ளி நாள் ஐந்தினும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம். தமிழகத்தைத் தொடர்ந்து 1995-இல் இந்தியப் பேரரசும் நாடளாவிய திட்டம் வகுத்தது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகட்குச் சமைத்த உணவே அளித்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. அன்றுதொட்டு அது கருணையன்று; உரிமை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலையுணவுத் திட்டத்தையும் தொடங்கிவைத்தார். 2023-இல் அரசினர் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்திற்கும், 2024-இல் சிற்றூர்களிலுள்ள உதவிபெறும் ஆரம்பப் பாடசாலைகட்கும் அது விரிந்தது. அவ்வுதவிபெறும் பாடசாலைகளுட் பல, மிஷன் பாடசாலைகள் என்பதை நம் வாசகர் அறிவர்.

கட்சிகள் வேறு, தலைவர்கள் வேறு, ஆயினும் ஒருவர் மூட்டிய அடுப்பை மற்றொருவர் அவிக்கத் துணியாமல், மேலும் ஒரு விறகு இட்டே சென்றிருக்கின்றனர். நம் மாநில வரலாற்றில் இங்ஙனம் கூறத்தக்க செய்திகள் மிகச் சிலவே.

இதன் பயன் யாது என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எளிது. உணவுண்டாகையால் வருகை பெருகிற்று. பெண்பிள்ளைகளின் வருகை சிறப்பாகப் பெருகிற்று. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்திய நாட்டளவில் பள்ளியுணவு உண்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்தம் மக்களும் வளர்ச்சி குன்றாமல் இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று காட்டிற்று. இன்று ஒரு சிறுமிக்கு இடும் சோறு, இன்னும் பிறவாத பிள்ளையொன்றின் எலும்பிற்கும் சென்று சேர்கின்றது என்றால், இதனினும் சிறந்த முதலீடு எந்த வங்கியில் உண்டு?

உணவேயன்றிப் பிறவும் அத்தகையனவே. காலணியைச் சிலர் ஆடம்பரம் என்பர். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடம்பினுள் புகுகின்றன; புகுந்து குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சுகின்றன; பிள்ளை வெளிறிச் சோர்கின்றது; சோர்ந்த பிள்ளையை ஆசிரியர் மந்தன் என்கின்றார். ஒரு செருப்பு தடுத்திருக்கக்கூடிய பழி அது. மூக்குக் கண்ணாடியும் அங்ஙனமே. கரும்பலகையின் எழுத்துத் தெரியாத பிள்ளை, தனக்குத் தெரியவில்லை என்பதையே அறியாது. எல்லார்க்கும் உலகம் அவ்வாறே மங்கலாய்த் தோன்றுகின்றது என்று எண்ணிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும். இவற்றை இன்றியமையாப் பொருள்கள் என்பதன்றி வேறெங்ஙனம் கூறுவது?

இனி, இலவசத்தைப் பழிப்பார் கூறும் தடைகளை ஆராய்வோம்.

முதலாவது, இலவசம் மக்களைச் சோம்பராக்கும் என்பது. இதனைக் கற்றோரே மிகுதியும் கூறக் கேட்கின்றோம். வளர்ந்தோர் திறத்து இது குறித்து வழக்காடுவோர் வழக்காடுக. எட்டாண்டுப் பிள்ளைக்கு இது எங்ஙனம் பொருந்தும்? பிள்ளையின் உணவு கூலியன்று, உழைத்துப் பெறுவதற்கு. பசித்த பிள்ளை உழைக்கப் புகுந்தால், அது பள்ளியை விட்டுத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் தேநீர்க் கடைக்கும் சென்ற கதையை நம் மாவட்டங்கள் அறியும். அச்சுறுசுறுப்பினும் பள்ளித் தாழ்வாரத்தில் தட்டேந்தி அமர்ந்திருக்கும் 'சோம்பல்' ஆயிரம் மடங்கு நன்று.

அன்றியும் இதனைக் கூறும் நாம் யார்? நாம் நிற்கும் இந்நிலம் ஒருவர் கொடுத்தது. இக்கட்டடங்களைக் கட்டுவித்த பொருள், நம்மை ஒருநாளும் கண்டறியாதார், கடல் கடந்த ஊர்களில், சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பியது. நூலகத்தில் நாம் புரட்டும் பழைய நூல்கள் பல நன்கொடைகள். நாம் கட்டும் சம்பளம் நமக்கு ஆகும் செலவில் ஒரு கூறேயாம். ஆகவே, இக்கலாசாலையிற் பயின்றார் அனைவரும், செல்வர் வீட்டு மக்கள் உட்பட, இலவசத்தின் நிழலில் அமர்ந்தவரே. ஆனால் நம்மை எவரும் மேடைக்கு அழைத்து, 'இவன் பிறர் பொருளாற் படிப்பவன்' என்று ஒலிபெருக்கியிற் கூறியதில்லை. அதனால் நாம் அதை மறந்தோம். மறந்தது குற்றமன்று, மறக்கும்படி கொடுத்தார்களே, அதுவே அக்கொடையின் மாண்பு. அத்தகைய கொடையைப் பெற்ற நாம், பிறர் என்றும் மறவாதபடி கொடுப்பது எங்ஙனம் தகும்?

இரண்டாவது தடை, தகுதியுடையார்க்கே கொடுக்க வேண்டும். ஆகவே வறியர் யார் என்று முதலில் ஆராய்ந்து தேர்தல் வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். நடைமுறையில் நிகழ்வது வேறு. வருமானச் சான்று பெற அலுவலகத்திற்குப் பலமுறை நடத்தல் வேண்டும். நடக்கும் நாளெல்லாம் கூலி போம். நடக்க இயலாத வறியவனே மெய்யான வறியவன். அவனே பட்டியலில் இடம்பெறாது நிற்பான். இடம்பெற்றவனோ, பட்டியலில் இருப்பதனாலேயே குறியிடப்பெற்றவனாவான். தகுதியில்லாதான் ஒருவன் ஒருபிடி சோறு மிகையாய் உண்டுவிடுவானோ என்று அஞ்சி, தகுதியுள்ள பதின்மரை வாயிலில் நிறுத்துதல் அறிவுடைமையாகாது.

எல்லார்க்கும் பொதுவாய் இடும் பந்தியில் மற்றுமொரு நன்மை உண்டு. சாதியின் பெயரால் உடனுண்ணாத நாட்டில், பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பானைச் சோற்றை உண்பது சிறிய செய்தியன்று. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் மக்களை உண்ணவிடாது தடுத்த இழிவான செய்திகள் நம் மாநிலத்திலும் எழுந்ததுண்டு. அத்தகைய ஊர்களில் அப்பந்தியே பாடப்புத்தகம் கற்பிக்காத பாடத்தைக் கற்பிக்கின்றது என்க.

மூன்றாவது தடை, இவையெல்லாம் அரசினர் கடமை, நமக்கென்ன என்பது. அரசினர் கடமையே. அதனை நாம் செய்துவிட்டு அவரை விடுவித்தல் ஆகாது. ஆயினும் அரசினர் திட்டம் எதுவாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. காலையுணவு ஐந்தாம் வகுப்பு வரையில் என்று வகுக்கப்பட்டது. நண்பகலுணவு பத்தாம் வகுப்பு வரையில் என்று வகுக்கப்பட்டது. திட்டத்திற்கு எல்லை உண்டு. பசிக்கு அவ்வெல்லை தெரியாது. ஐந்தாம் வகுப்பில் காலையில் பொங்கல் உண்ட பிள்ளை, ஜூன் திங்களில் ஆறாம் வகுப்பிற்குச் சென்றவுடன் அதன் வீடு செல்வ வீடாய் மாறிவிடுவதில்லை. கலாசாலை மாணாக்கர்க்கு 2022-இல் புதுமைப்பெண் என்றும், 2024-இல் தமிழ்ப்புதல்வன் என்றும் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் உதவும் திட்டங்கள் வந்தமை பாராட்டத்தக்கதே. அப்பணத்தில் ஒரு பகுதி வீட்டிற்கு அரிசி வாங்கவும் செல்கின்றது என்பதை, மாணாக்கரோடு பழகும் ஆசிரியர் அறிவர்.

எல்லைக்கு அப்பால் நிற்பார் யார் என்று அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. எம் வகுப்பிலே ஓராண்டு முதற்பாட வேளையில் மாணாக்கன் ஒருவன் மயங்கி வீழ்ந்தான். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருபவன். முந்திய இரவு உண்டவன், அன்று நண்பகல்வரை ஒன்றும் உண்பதில்லை. அதுவே அவனது அன்றாட வழக்கம். ஏழை மாணவர் நிதிக்கு விண்ணப்பித்திருக்கலாமே என்று வினவினோம். "பெயரை நோட்டீஸ் போர்டுல போடுவாங்க ஐயா" என்றான். அவன் பசியை நாம் அறியாதிருந்தது ஒரு குற்றம். அவன் அதனை மறைக்கும்படி நம் முறையை அமைத்திருந்தது அதனினும் பெரிய குற்றம். அந்நிதியைப் பகிர்ந்த குழுவில் யாமும் ஓர் உறுப்பினராய் இருந்தோம் என்பதை இங்கே மறைக்கமாட்டோம்.

மிஷன் நிலையங்களுக்கு இது பற்றிப் பழைய பாடம் ஒன்றும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித்தொட்டிகளும் அநாதப் பிள்ளைகளின் விடுதிகளும் நடத்தி எண்ணற்றோரை மிஷனரிமார் காத்தனர். அது மறத்தற்கரிய நன்றி. ஆயினும் அரிசிக்காக வேதத்திற் சேர்ந்தவர் என்று பிறர் எள்ளிய சொல், அம்மக்களின் பேரப்பிள்ளைகள் வரையிலும் தொடர்ந்தது. கொடுத்தவர் உள்ளம் எத்துணைத் தூயதாயினும், கொடைக்கும் வேறொரு நோக்கத்திற்கும் இடையே ஒரு நூலிழை தொங்குவதாய்ப் பிறர் கருதினும், அப்பழியைச் சுமப்பவர் பெற்றவரே. ஆதலின், நாம் கொடுக்குங்கால், மதமாற்றத்தையோ, நன்றியுரையையோ, நற்பெயரையோ, நாளிதழில் ஒரு படத்தையோ எதிர்நோக்காது கொடுத்தல் வேண்டும். இது வெறும் பண்பாடன்று. பெற்றவர்க்கு நாம் செய்யும் காவல்.

எங்ஙனம் கொடுப்பது என்பதற்கு முன்மாதிரிகள் நம் மண்ணிலேயே உள்ளன. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, வந்தவர் யார் என்று வினவாமலே இன்றுவரை உலை கொதிக்கின்றது. திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைகளில் அசனம் என்னும் பொதுப்பந்தியில், பண்ணையாரும் பனையேறியும் ஒரே வரிசையில் இலையிட்டு அமர்வர். பெரும்பொருள் தந்தவரும் ஒன்றுந் தாராதவரும் ஒரே குழம்பை உண்பர். இலையைப் பார்த்து எவர் எவர் என்று சொல்ல முடியாது. அச்சபைப் பெண்டிர் உலையில் அரிசி இடுமுன் ஒருபிடி எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்துவைக்கும் பிடியரிசி வழக்கமும் அத்தகையதே. இருபத்தைந்து வீட்டுப் பிடி ஏறக்குறைய ஒரு கிலோவாகும். அக்கலத்திற் கலந்தபின் எந்த அரிசி எவர் வீட்டது என்று எவர்க்கும் தெரியாது. நற்செய்தி நூலிலும் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொடுத்த சிறுவனின் பெயர் எழுதப்படவில்லை. மக்களைப் புல்லின்மேல் அமரச் செய்தார்கள்; எல்லார்க்கும் பரிமாறினார்கள்; உம்முள் மெய்யாய்ப் பசித்தவர் யார் என்று எவரும் வினவியதாகக் காணோம்.

இனி, நம் கலாசாலையில் செய்யத்தக்கன என்று யாம் கருதும் சிலவற்றைக் கூறி முடிப்போம்.

ஒன்று: விடுதிச் சமையற்கூடத்தில் காலை எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை, வருவோர் அனைவர்க்கும் கஞ்சியும் துவையலும், இயன்ற நாளில் ஒரு முட்டையும் அளித்தல். பெயர்ப் பதிவேடு வேண்டாம், சான்றும் வேண்டாம். வெளிப்புறத்தே மூடிய உண்டியல் ஒன்று இருக்கட்டும். இயன்றவர் இடுக, இயலாதவர் இடாது செல்க. அங்கே காவல் நிற்பார் எவரும் இருத்தலாகாது. ஆசிரியரும் அதே பந்தியில் வந்தமர்ந்து உண்பாராயின், அது ஏழைகளின் பந்தி என்னும் பெயர் ஒரு வாரத்திற்குமேல் நில்லாது. செலவுக்கு என் செய்வது என்பீராயின், மாணாக்கர் ஆயிரவர் வாரத்திற்குப் பத்து ரூபாய் ஈவாராயின் ரூ. 10,000 சேரும். வாரத்திற்கு ஐந்து நாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு ரூ. 2,000. ஒருவர்க்கு ரூ. 20 ஆயினும் நூறு பேர்க்குப் போதும். பத்து ரூபாய் என்பது ஒரு தேநீரின் விலைக்கு மேற்பட்டதன்று.

இரண்டு: ஏழை மாணவர் நிதி பெறுவார் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கத்தை இவ்வாண்டோடு ஒழித்தல். தணிக்கைக்குக் கணக்கு வேண்டுமெனின், அது பேராசிரியர் மேசையறையில் பூட்டியிருக்கட்டும். நண்பகலுணவுச் சீட்டு, பணம் கொடுத்து வாங்கியதாயினும் இலவசமாய்ப் பெற்றதாயினும், ஒரே நிறமும் ஒரே எழுத்தும் உடையதாய் இருத்தல் வேண்டும்.

மூன்று: பிற பாடசாலைகட்கு நாம் கொடுக்கச் செல்லுங்கால், மேடையும் பதாகையும் நிழற்படமும் விலக்குதல். நாற்பது பிள்ளைகட்கு ஆடை கொடுப்பதினும், இருநூறு பிள்ளைகள் அனைவர்க்கும் ஆளுக்கொரு குறிப்பேடும் எழுதுகோலும் கொடுத்தல் நன்று. ஒரு பிள்ளைக்கே தனியாக ஆடையோ கண்ணாடியோ தேவைப்படின், அதனைத் தலைமையாசிரியர் கையில் ஓசையின்றிச் சேர்ப்பித்தால் போதும். அவர் அப்பிள்ளையின் தாயை அழைத்துக் கொடுப்பார். விழாநாளில் ஒருமுறை கொடுத்துப் பதினொரு திங்கள் மறப்பதினும், சிறிதாயினும் திங்கள்தோறும் தவறாது கொடுத்தல் சிறந்தது. பசி விழாப் பார்த்து வருவதில்லை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கூடி, பெயர் பொறித்த கல்லும், மின்விசிறியும், நுழைவாயிலும் வழங்குகின்றீர்கள், அவற்றுக்கு நன்றி. இனிமேல் ஒரு பகுதியைக் கல்லிற் பொறிக்கவியலாத கொடையாக, அக்காலைக் கஞ்சிக்கு வைப்புநிதியாக அளிப்பீர்களாக. உம்முள்ளும் வெறும் வயிற்றோடு முதற்பாட வேளையில் அமர்ந்திருந்தோர் உண்டென்பதை நாம் அறிவோம். அன்று அதனை மறைத்தீர்கள். இன்று மறைக்க வேண்டுவதில்லை.

இவற்றால் வறுமை ஒழிந்துவிடுமோ எனின், ஒழியாது. கூலியும் நிலமும் வேலையும் செப்பம் பெறும்வரை வறுமை இருக்கவே செய்யும். அதற்குரிய பணி வேறு, அதனையும் மறத்தலாகாது. ஆயினும் அந்நாள் வருமளவும் பிள்ளைகள் வளராமல் காத்திருக்கமாட்டார்கள். இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு மறுபடி வருவதில்லை.

அச்சிறுமி இப்போது எவ்வகுப்பில் பயில்கின்றாளோ, யாம் அறியோம். ஒருகால் சில ஆண்டுகளில் நம் கலாசாலைக்கே மாணவியாக வரினும் வரலாம். அவள் வருங்கால், இங்கே காலைக் கஞ்சியை உண்பதற்கும், நூலை வாங்குவதற்கும், முகத்தை மறைக்க வேண்டாத ஓரிடத்தை நாம் அமைத்து வைத்திருப்போமாக. நாம் அன்று நகைத்ததற்கு ஈடு அதுவே.